கண்ணை மூடினாலும் காது மூடாது!

அன்றைக்கு நல்ல மழை. கிளினிக்கில் கூட்டம் இல்லை. சிங்காநல்லூரிலிருந்து ஓர் அம்மா, பத்து வயசுப் பையனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார்.

"ஏனுங்க டாக்டர், மூணு வாரமா இவன் ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறானுங்க. பாத்ரூம் போறதுக்குக்கூட நான் கூடப் போயி நிக்கோணும். லைட்டை அணைச்சா ஒரே அழுகைங்க. மந்திரிச்சும் பாத்துட்டோம், திருநீறும் போட்டாச்சு. ஒண்ணும் கேக்கலீங்க."

பையனைப் பார்த்தேன். கண் சிவந்து, முகம் வாடிப் போயிருந்தது. நாடி பிடித்தால் படபடவென்று துள்ளுகிறது. "என்ன கண்ணு, பேய்ப்படம் ஏதாச்சும் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேனுங்க. ஆனா பேயைப் பாக்கலீங்க. அது வர்றப்பவெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேனுங்க."

நான் சிரித்துவிட்டேன். பேயையே பார்க்காதவனுக்கு எதுக்குடா பயம் என்று கேலி செய்து, தூக்கத்துக்கு ஒரு சூரணம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து அதே அம்மா, அதே பையன். தூக்கம் துளியும் வரவில்லை. பையன் இன்னும் இளைத்திருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறவன், அந்தப் பையன் முதல் நாளே தன் வியாதியைச் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன்! "படத்தை எதுல பாத்தே சாமி?" என்று இப்போது கேட்டேன்.

"அப்பாவோட செல்லுலீங்க. போர்வைக்குள்ளே. சத்தம் வெளியே கேட்டா அம்மா வையும்னு இயர்போன் போட்டுக்கிட்டேனுங்க."

விஷயம் புரிந்துவிட்டது. பையன் மூட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை மூடியிருக்கிறான்!

காதுக்கு இமை இல்லை

நம்மில் பலரும் இந்தத் தப்பைத்தான் செய்கிறோம். பேய்ப்படம் என்றால் கண்ணால் பார்த்துப் பயப்படுவது என்று நினைக்கிறோம். பயமான கட்டம் வந்தால் குழந்தையின் கண்ணைப் பொத்துகிறோம். சந்தேகம் இருந்தால் இன்றைக்கே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் பயந்த ஒரு காட்சியை டி.வி.யில் போட்டு, சத்தத்தை மட்டும் சுத்தமாக நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி வராந்தாவில் நடந்து போவார், அவ்வளவுதான். சில சமயம் சிரிப்புகூட வரும். பிறகு படத்தைப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேளுங்கள். முதுகு சில்லிடும்!

இது ஏன் இப்படி? கண் முன்பக்கம் மட்டும் பார்க்கும். காது நாலாபக்கமும் கேட்கும். கண் தூங்கும், காது தூங்காது. காட்டிலும் மேட்டிலும் படுத்துத் தூங்கிய நம் முப்பாட்டன்மாருக்கு ராத்திரிக் காவல் காதுதான். முதுகுக்குப் பின்னால் ஒரு சருகு நொறுங்கினால், அது ஓணானா சிறுத்தையா என்று யோசித்துக்கொண்டு நின்றவன் பிழைக்கவில்லை. முதலில் துள்ளிக் குதித்து, அப்புறமாகத் திரும்பிப் பார்த்தவன்தான் பிழைத்தான். அவனுடைய பேரப்பிள்ளைகள்தான் நாம்.

அந்தத் துள்ளல் இன்றும் நம் உடம்பில் இருக்கிறது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால், காதிலிருந்து மூளையின் அடித்தண்டுக்குப் போய் அங்கிருந்து நேராகக் கழுத்துக்கும் தோளுக்கும் கண் இமைக்கும் உத்தரவு போய்விடுகிறது. ஒரு வினாடியை இருபது துண்டு போட்டால், அதில் ஒரு துண்டு நேரத்துக்குள் இமை கொட்டிவிடும். 'இது வெறும் சினிமாதானே' என்று புத்தி சொல்வதற்குள் தோள் தூக்கிவிடும். அதற்கு அடுத்துத்தான் மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி மணி அடிக்கிறது. அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மயிர் கூச்செறிகிறது, வயிறு பிசைகிறது. இருட்டில் இந்தத் திடுக்கிடல் இன்னும் அதிகம். தியேட்டரில் விளக்கை அணைப்பது படம் தெரிவதற்காக மட்டும் என்றா நினைத்தீர்கள்?

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் இதை வளியின் கணக்கில் சொல்வார்கள். உடம்பில் ஓடுவது, துடிப்பது, நடுங்குவது எல்லாம் வளி என்கிற வாதத்தின் வேலை. அதிலும் வியானன் என்கிற காற்று உடம்பு முழுக்கப் பரவி நிற்பது. பயந்தால் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே நேரத்தில் ஆடிப்போவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அமிக்டலாவைப் பார்க்காவிட்டாலும், பயந்த மனுஷனை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

அதே பாளையங்கோட்டையில், 1990-ல் வந்த '13-ஆம் நம்பர் வீடு' படத்தை இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்து வந்தது மறக்கவில்லை. நாலு பேர் வந்தோம். நாலு பேரும் வைத்தியம் படிக்கிறவர்கள். வழியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு 'கிரீச்' என்றது. யார் முதலில் ஓடியது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு!

உறுமியும் வயலினும்

அச்சம் எதிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு சொல்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தன் அரசன். சினிமாக்காரர்கள் தொல்காப்பியம் படித்தார்களோ என்னவோ, முதல் மூன்றையும் அப்படியே சத்தமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அணங்குக்குச் சலங்கையும் பெண் குரல் ஹம்மிங்கும். விலங்குக்கு உறுமல். கள்வனுக்குக் காலடியும் கதவுக் கிரீச்சும். நாலாவதான அரசனுக்கு மட்டும் இன்னும் பின்னணி இசை வரவில்லை. வருமான வரி நோட்டீஸ் வரும்போது தபால்காரர் அடிக்கிற மணியை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்!

இதில் விலங்குச் சத்தம் சுவாரசியமானது. நம் உறுமி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் அடிப்பதில்லை, தேய்க்கிறார்கள். 'ர்ர்ர்ரூம்' என்று அது உறுமுகிறது. பேரே அதனால் வந்ததுதான். தமிழ்ப் படங்களில் பேய் ஓட்டுகிற காட்சி, கருப்பசாமி இறங்குகிற காட்சி எது வந்தாலும் உறுமியும் உடுக்கையும் வராமல் இருக்காது.

அந்த உறுமலில் என்ன இருக்கிறது? சீரான சத்தம் இல்லை, சொரசொரப்பு. வீட்டில் ஆர்மோனியமோ, பிள்ளைகளின் கீ-போர்டோ இருந்தால், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். காதுக்குள் ஓர் அரம் போடுகிற மாதிரி இருக்கும். ஒலி வினாடிக்குப் பலமுறை ஏறி இறங்கித் துடிக்கிறது. மனிதர் அலறும்போதும் இதே சொரசொரப்புத்தான். வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை துடிக்கும் இந்த ஒலி, சாதாரணப் பேச்சைவிட அமிக்டலாவை அதிகமாகத் தட்டி எழுப்புகிறது என்று 2015-ல் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். குழந்தை வீரிட்டு அழுதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் டேனியல் புளூம்ஸ்டீன் என்று ஒரு விஞ்ஞானி. மலையில் இருக்கும் மார்மட் என்கிற பெரிய அணில் வகைகளை ஆராய்கிறவர். குட்டியைக் கையில் பிடித்தால் அது கத்துகிற கத்தல் நம்மை உலுக்குகிறதே, ஏன் என்று யோசித்தார். தொண்டை தாங்குகிற அளவுக்கு மேல் கத்தினால் சத்தம் உடைந்து, பிசிறடிக்கும். பிசிறடித்தால் 'நிஜமாகவே ஆபத்து' என்று மற்ற உயிர்கள் புரிந்துகொள்ளும். 2010-ல் அவரும் கூட்டாளிகளும் சினிமாப் படங்களின் ஒலியை எடுத்து அலசிப் பார்த்தபோது, பயமுறுத்தும் காட்சிகளிலும் இதே பிசிறு ஒளிந்திருந்தது!

இதை ஆராய்ச்சிக்கு ஐம்பது வருஷம் முன்பே செய்து காட்டியவர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்கு இசையமைத்த பெர்னார்டு ஹெர்மன். பித்தளை வாத்தியம், டிரம் எதுவும் இல்லை. வெறும் தந்திக் கருவிகள் மட்டும். குளியலறைக் கொலைக் காட்சியில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்காமல் எழுதிவிட்டார். வயலின்கள் கத்தி மாதிரி கிறீச்சிட்டதைக் கேட்டபிறகு ஹிட்ச்காக் தன் பேச்சை வாபஸ் வாங்கினார். வயலின் நம் கச்சேரி மேடையில் எவ்வளவு சாதுவான வாத்தியம்! அதே வில்லை அழுத்தி இழுத்தால் அலறல்.

அதே பெயரில் 2020-ல் மிஷ்கின் எடுத்த தமிழ்ப் படத்துக்கு இசை இளையராஜா. கதை நடப்பது நம்ம கோயமுத்தூரில். கதாநாயகன் கண் தெரியாதவன். எல்லாவற்றையும் காதால் அறிகிறவனை நடுவில் வைத்துவிட்டதால், பார்க்கிற நமக்கும் காது கூர்மையாகிவிடுகிறது. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடு பனி' (1980) என்று அந்தக் காலத்திலேயே நம்மைத் தூங்கவிடாமல் செய்தவராயிற்றே அவர்!

கிட்டே வரும் சத்தம்

பேய்க்கு அவசரம் கிடையாது. எப்போதும் மெதுவாகத்தான் வரும். அதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

1949-ல் பம்பாயில் 'மஹல்' என்ற இந்திப் படம். பாழடைந்த மாளிகையில் ஒரு பெண் பாடும் குரல் கேட்கும். தூரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். இசை கேம்சந்த் பிரகாஷ், பாடியவர் லதா மங்கேஷ்கர். அப்போது இன்றைய கருவிகள் ஏது? மைக்கை அறையின் நடுவில் வைத்துவிட்டு, லதாவைத் தள்ளி நின்று பாடிக்கொண்டே நடந்து வரச் சொன்னார்களாம். லதாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நடைதான் இந்தியா முழுவதும் பேய்ப் பாட்டுக்குப் பிள்ளையார் சுழி. தமிழில் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), 'யார் நீ?' (1966) என்று அந்த வழியில் வந்த படங்களை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கதை மறந்திருக்கும், குரல் மறந்திருக்காது.

நெருங்கும் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு பலம்? ஜான் நியூஹாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1998-ல் இதற்குப் பதில் தேடினார். ஒரே அளவு ஏறுகிற சத்தத்தையும் இறங்குகிற சத்தத்தையும் கேட்கச் சொன்னால், ஏறுகிற சத்தம்தான் அதிகமாக மாறியதாக ஜனங்கள் சொன்னார்கள். விலகிப் போகிற லாரியைப் பற்றி உடம்புக்குக் கவலை இல்லை. வருகிற லாரியைத்தான் கூட்டிக் கணக்குப் போடுகிறது. 'ஜாஸ்' (1975) படத்தில் ஜான் வில்லியம்ஸ் செய்ததும் இதுதான். அடுத்தடுத்த இரண்டே ஸ்வரங்கள். முதலில் மெல்ல, பிறகு வேகமாக, பிறகு இன்னும் கிட்டத்தில். சுறாமீனைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே பாதிப் பேர் நாற்காலியின் நுனிக்கு வந்தாயிற்று.

நம் வீட்டு வரவேற்பறைக்கு இதைக் கொண்டுவந்தது 1990-களின் பின்பகுதியில் சன் டி.வி.யில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. ராத்திரியில் குதிரைக் குளம்படி கேட்கும். அவ்வளவுதான்! அடுத்த நாள் என்னிடம் வந்த ஒரு மில் சூப்பர்வைசர், "குதிரை வண்டியே இல்லாத ஊருங்க நம்முளுது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குக் கேக்குதுங்களே" என்றார். விசாரித்தால், பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர் சொட்டிய சத்தம்.

தறி நின்றால் முழிப்பு வரும்

சத்தத்தைப் பற்றியே பேசுகிறோமே, சத்தம் இல்லாததும் பயம்தான். இதை நம் கொங்குச் சீமைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். 'டடக் டடக்' என்று ராத்திரி முழுக்க விசைத்தறி ஓடும். வெளியூர்க்காரன் ஒரு நிமிஷம் கண்ணயர முடியாது. தறிக்காரர் வீட்டுக் குழந்தையோ தொட்டிலில் அயர்ந்து தூங்கும். திடீரென்று கரண்ட் போகும், தறிகள் நிற்கும். அந்த அமைதியில் வீடே முழித்துக்கொள்ளும்! குழந்தை வீலென்று அழும்.

காரணம், மூளை பழகிய சத்தத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்திருக்கிறது. அது நின்றவுடன் 'ஏதோ மாறிவிட்டது' என்று காது தன் கதவை அகலத் திறக்கிறது. காட்டில் சில்வண்டு ரீங்காரம் சட்டென்று நின்றால் யானையோ புலியோ பக்கத்தில் வந்திருக்கலாம் என்று ஆனைமலைப் பக்கம் இருப்பவர்கள் சொல்வார்கள். பேய்ப்படத்திலும் பின்னணி இசை சட்டென்று நின்றால் உஷார்! உங்கள் காதைத் திறக்கவைத்துவிட்டார்கள். அடுத்து வருவது கதவு அறைகிற சத்தமோ, வெறும் பூனையோ, எதுவானாலும் இரண்டு மடங்காகக் கேட்கும். ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசையையே எடுத்துவிட்டு, மின்னணுக் கருவியில் செய்த பறவைச் சத்தத்தை மட்டும் வைத்தார்.

காதுக்கே எட்டாத அடி ஒலி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்தில் ராத்திரி வேலை செய்யும்போது, உடம்பு சில்லிட்டு, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ நிற்பது போல் தோன்றியதாம். மறுநாள் பார்த்தால் பிடிப்பானில் மாட்டியிருந்த கத்தித் தகடு தானாக நடுங்குகிறது! தேடிப்பார்த்ததில் ஒரு காற்றுவெளியேற்றும் மின்விசிறி, வினாடிக்கு ஏறக்குறைய 19 அதிர்வு வீதம் அடி ஒலியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. 1998-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். எல்லாப் பேய்க்கும் மின்விசிறிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; அடி ஒலி எல்லோரையும் இப்படி ஆட்டுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் வீட்டில் ஓர் அறையில் மட்டும் 'ஏதோ மாதிரி இருக்கு' என்று யாராவது சொன்னால், மந்திரவாதிக்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நோம்பியில் தூங்கியவன்

இவ்வளவும் எழுதிவிட்டு, எனக்கே இடிக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. உறுமிச் சத்தம்தான் பயம் என்றால், கோயிலில் அதே உறுமிக்கு ஏன் பயப்படுவதில்லை?

பையனின் அம்மாயி ஊர் காங்கேயம் பக்கம். மாரியம்மன் நோம்பிக்கு வருஷா வருஷம் போவார்களாம். கம்பத்தாட்டத்துக்கு உறுமியும் பறையும் காதைக் கிழிக்கும். "அப்ப இவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "மேளக்காரர் பக்கத்துலயே எங்கம்மா மடியில படுத்துத் தூங்கிருவானுங்க!"

இதுதான் எனக்குக் கிடைத்த சாவி. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். 1965-ல் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி இந்தக் கதையை முழுசாக ஒலிப்பதிவு செய்திருக்கிறார். உடுக்கையின் இடுப்பில் உள்ள கயிற்றை இறுக்கித் தளர்த்தினால் ஓசை ஏறி இறங்கி விம்மும். பொன்னரும் சங்கரும் மாளுகிற கட்டத்தில் அந்த விம்மலைக் கேட்டுச் சிலருக்கு அருள் வந்துவிடும். மணப்பாறை பக்கம் வீரப்பூர் மாசித் திருவிழாவில் படுகளம் என்றே ஒரு நிகழ்ச்சி. மேளம் முழங்க ஆட்கள் உயிரற்றவர் போல் விழுவார்கள், பிறகு எழுப்புவார்கள். உடம்பில் படபடப்பு, வேர்வை, மயிர்க்கூச்சு எல்லாம் தியேட்டரில் வருவது போலவேதான். ஆனால் அங்கே யாரும் ராத்திரி பாத்ரூம் போகப் பயப்படுவதில்லை. ஏனென்றால், சுற்றிலும் அப்பா, மாமன், பங்காளி. அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விழுந்தவன் எழுவான். விடிந்தால் பொங்கல்.

போர்வைக்குள் இருந்த பையனுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆள் துணை இல்லை, அடுத்து என்ன என்று தெரியாது. போதாக்குறைக்கு இயர்போன்! சத்தம் தூரத்திலிருந்து வந்தால் 'அங்கே' என்று இருக்கும். இயர்போனில் கேட்டால் தலைக்குள்ளேயே கேட்கும். எங்கே ஓடுவது? கண்ணையும் மூடிக்கொண்டதால், சத்தத்துக்கு ஏற்ற உருவத்தை அவன் மனசே வரைந்துகொண்டது. பத்து வயசுப் பையனின் மனசு வரைகிற பேய்க்கு முன்னால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எம்மாத்திரம்?

நான் செய்த வைத்தியம்

சூரணத்தை நிறுத்திவிட்டேன். பையனின் அப்பாவை வரச்சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, பையனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அதே காட்சியைச் சத்தமில்லாமல் பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றும் சொன்னேன். பிறகு மெல்லிய சத்தத்தில், இயர்போன் இல்லாமல். அந்தச் சத்தம் எப்படிச் செய்கிறார்கள் என்று நடுநடுவே பேசச் சொன்னேன்.

பையனுக்கு நானே கொஞ்சம் சொல்லிக் கொடுத்தேன். குதிரைக் குளம்படிக்குக் கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டுவார்கள். எலும்பு முறிகிற சத்தத்துக்கு செலரித் தண்டை ஒடிப்பார்கள். 'எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் ஒரு பெண்ணின் தலை பின்பக்கம் திரும்பும்போது கேட்கிற சத்தம், பழைய தோல் பர்ஸ் ஒன்றை மைக் பக்கத்தில் முறுக்கியது! "பர்ஸாங்க?" என்று பையன் என் பர்ஸையே பார்த்தான். கொடுத்தேன். முறுக்கிப் பார்த்தான். அதிலிருந்த பழைய கடை ரசீதெல்லாம் கீழே கொட்டியது.

இனி, வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு. பயந்த குழந்தையை 'இதுக்குப் போயா' என்று கேலி செய்யாதீர்கள். நான் செய்தேன், பன்னிரண்டு நாள் வீணானது. 'என்ன பார்த்தே' என்பதோடு நிறுத்தாமல் 'என்ன கேட்டே' என்று கேளுங்கள். தியேட்டரில் குழந்தை பயந்தால் கண்ணைப் பொத்துவதைவிடக் காதைப் பொத்துங்கள். பொத்திக்கொண்டு பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். படுக்கப் போகும் நேரத்தில் இயர்போனும் செல்லும் படுக்கைக்கு வரக்கூடாது, இது பெரியவர்களுக்கும்தான். தூக்கத்தைச் சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அடக்கினால் தலை கனக்கும், கண் சிவக்கும். அந்தப் பையனுக்கு இருந்தது அதுதான்.

தூக்கத்துக்கு ஜாதிக்காயை உரைத்துப் பாலில் கொடுக்கலாமா என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ஜாதிக்காய் மயக்கத்தையும் பிதற்றலையும் உண்டாக்கும். அமுக்கரா சூரணமும் வைத்தியர் வயசும் எடையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ராத்திரி வெதுவெதுப்பான பாலும் பாட்டியின் கதையும் எல்லாப் பிள்ளைக்கும் பொது.

பயம் நாலைந்து வாரத்துக்கு மேல் நீடித்தால், நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மறுபடி வந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதயநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும், அடிக்கடி படபடப்பு வருகிறவர்களும் பெரிய ஸ்பீக்கர் வைத்த தியேட்டரில் பேய்ப்படம் பார்க்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பெரிய அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி பலூன் மாதிரி உப்பி, மாரடைப்பு போலவே வலிக்கிற ஒரு நிலை உண்டு. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பேரால் 'டகோட்சுபோ' என்பார்கள். வயதான பெண்களுக்கே அதிகம் வருகிறது. எந்தக் காரணத்தால் ஆனாலும் நெஞ்சு வலித்தால், சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பையன் ஒரு மாதம் கழித்து அம்மாயியோடு வந்தான். தூக்கம் சரியாகிவிட்டது. பாத்ரூமுக்கு மட்டும் இன்னும் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் போகிறானாம். போகட்டும், நானும் அப்படித்தான். கையில் ஒரு மஞ்சப்பை வைத்திருந்தான். வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நான் உள்ளே ஒருவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருக்கிறேன், வராந்தாவில் குதிரை வருகிறது! தூரத்தில் மெல்ல... பிறகு கிட்டே... இன்னும் கிட்டே... அறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டது. நாடி பார்த்துக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்துவிட்டார்.

கதவைத் திறந்தால், மஞ்சப்பை தரையில் கிடக்கிறது. பையன் இரண்டு கையிலும் கொட்டாங்குச்சியோடு நிற்கிறான். பின்னாலேயே அம்மாயியின் குரல்: "அடேய், எம்பட நெஞ்சே நின்னு போச்சு, குடுறா அதை!"